மேலே வீடு, கீழே மண்டி: இரண்டு நெட்வொர்க்குக்கு நடுவில் பாக்கெட் எங்கே நிற்கிறது?

பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கமெல்லாம் கீழே கடையோ மண்டியோ, மேலே வீடு என்று கட்டுவது சாதாரணம். நெட் இணைப்பு ஒன்றுதான் வரும். பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர், பிள்ளைகளின் லேப்டாப், வந்து போகிறவர்கள் கேட்டு வாங்கும் வைஃபை எல்லாம் அதிலேயே தொங்கும். வீட்டில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் இருந்தால், மண்டிக்குத் தனி நெட்வொர்க், வீட்டுக்குத் தனி நெட்வொர்க் என்று பிரித்துவிட்டு, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு செருகி, லினக்ஸ் ஏற்றி நடுவில் வைப்பார். இந்தப் பக்கம் வரும் பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டை, அந்தப் பக்கம் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. இதற்குப் பெயர் பாக்கெட் ஃபார்வர்டிங்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் முதல் நாளே ஓடாது. மாடியிலிருந்து பில்லிங் கம்ப்யூட்டரைத் தொட முடியாது, கீழிருந்து நெட் வராது. அப்போது கையில் கிடைத்த செட்டிங்கையெல்லாம் மாற்றிப் பார்ப்பது வழக்கம். அதில் எது பிழை, எது நாமே புதிதாக உண்டாக்கிய பிழை என்று பிறகு தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு கட்டமாகச் சோதித்து, பாக்கெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரிக் கோளாறுகள் பலவற்றில் பாக்கெட் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பதில்தான் திரும்பி வர வழி தெரியாமல் தொலைந்திருக்கும்.

இதெல்லாம் உங்களுக்குத் தேவைதானா?

நடுவில் கம்ப்யூட்டர் எதுவும் வைக்காமலே "கீழிருந்து மேலே தெரியவில்லை" என்கிறவர்கள்தான் அதிகம். அவர்கள் வீட்டில் நடந்திருப்பது இது. நெட்காரர் கொடுத்த பெட்டி கீழே இருக்கிறது. மாடியில் சிக்னல் போதாமல் கடையில் இன்னொரு வைஃபை ரவுட்டர் வாங்கி, கீழிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளை) செருகியிருக்கிறார்கள். அந்த நொடியே மாடி தனி நெட்வொர்க் ஆகிவிட்டது. மாடியில் இருப்பவை கீழே இருப்பவற்றைத் தொட முடியும், கீழே இருப்பவை மாடியைத் தொட முடியாது. மாடி ரவுட்டர் தனக்குப் பின்னால் இருப்பவற்றை எல்லாம் தன் ஒரே முகவரிக்குள் மறைத்துவிடுவதுதான் காரணம்.

உங்கள் நிலை இதுவானால் இந்தக் கட்டுரையில் மீதி எதுவும் வேண்டாம். மாடி ரவுட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத மாடலா? அதன் சொந்த முகவரியைக் கீழே இருக்கும் நெட்வொர்க்கில் யாருக்கும் கொடுக்காத ஒன்றாக, உதாரணத்துக்கு 192.168.1.2 என்று மாற்றுங்கள். அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். கேபிளை வான் போர்ட்டிலிருந்து பிடுங்கி லான் போர்ட் (உள் கருவிகளுக்கான துளை) ஒன்றில் செருகுங்கள். இனி மேலும் கீழும் ஒரே நெட்வொர்க். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனும் லேப்டாப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பது கோளாறே இல்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது.

பிரித்தே வைக்க வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள். மலிவு விலை கேமரா ரெக்கார்டரை வீட்டு நெட்வொர்க்கில் விடாமல் ஒதுக்கி வைப்பது ஒன்றே பிரிப்பதற்குப் போதுமான காரணம் என்பது என் கருத்து.

தாளில் வரையுங்கள்

பில் புத்தகத்தின் பின்பக்கம் போதும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த முகவரிகளைத்தான் பயன்படுத்துகிறேன், உங்களுடையதை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்காரர் பெட்டி: 192.168.1.1
மாடி லேப்டாப்: 192.168.1.25
நடு கம்ப்யூட்டர், வீட்டுப் பக்கக் கார்டு: 192.168.1.10
நடு கம்ப்யூட்டர், மண்டிப் பக்கக் கார்டு: 192.168.50.1
பில்லிங் கம்ப்யூட்டர்: 192.168.50.20
கேமரா ரெக்கார்டர்: 192.168.50.30

மாஸ்க், அதாவது முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண், எல்லாவற்றுக்கும் 255.255.255.0. விண்டோஸில் கருப்புத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்தாலும், லினக்ஸில் ஐபி அட்ரஸ் என்று அடித்தாலும் உண்மையான முகவரி தெரியும். நினைவிலிருந்து எழுதாதீர்கள், திரையைப் பார்த்து எழுதுங்கள்.

எழுதும்போதே மூன்று விஷயத்தைச் சரிபார்த்துவிடலாம். முதலாவது, இரண்டு பக்கமும் வெவ்வேறு நெட்வொர்க்தானா? மண்டிப் பக்கமும் 192.168.1 என்றே தொடங்கினால், மாடி லேப்டாப் பில்லிங் கம்ப்யூட்டரைத் தன் பக்கத்திலேயே தேடும், நடு கம்ப்யூட்டரிடம் பாக்கெட்டைக் கொடுக்கவே கொடுக்காது. வீட்டுக்குள் பயன்படுத்தவென்று 1996இல் ஒதுக்கிய எண்கள் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தாராளமாக இருக்கின்றன. எல்லோரும் 192.168.1ஐயே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஏதாவது கம்ப்யூட்டரில் 169.254 என்று முகவரி தொடங்குகிறதா? அதற்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். கேபிளையும் டிஎச்சிபியையும் முதலில் பாருங்கள். மூன்றாவது கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குக்குப் போகும் பாக்கெட்டை ஒப்படைக்கும் முகவரி. பில்லிங் கம்ப்யூட்டரின் கேட்வே 192.168.50.1ஆக இருக்க வேண்டும். நடு கம்ப்யூட்டரில் வீட்டுப் பக்கக் கார்டுக்கு மட்டும் கேட்வே 192.168.1.1, மண்டிப் பக்கக் கார்டில் கேட்வே கட்டம் காலியாக இருக்க வேண்டும். இரண்டு கார்டிலும் கேட்வே நிரப்பினால் நெட் சில நேரம் வரும், சில நேரம் வராது.

பிங்கை வரிசையாக அடியுங்கள்

1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் பிங், ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும். அதை நேராகக் கடைசிக் கம்ப்யூட்டருக்கு அடித்து, "வரவில்லை" என்று முடிவு கட்டுவதால் பயனில்லை. பில்லிங் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அருகிலிருந்து தூரமாக அடியுங்கள்.

முதலில் 192.168.50.1. பதில் வரவில்லை என்றால் கேபிள், ஸ்விட்ச், முகவரி இவற்றில்தான் கோளாறு. ஃபார்வர்டிங் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். மண்டியில் எலி கடித்த கேபிளை வைத்துக்கொண்டு மூன்று மணிநேரம் செட்டிங் மாற்றுவது நடக்காத கதை இல்லை.

அடுத்து 192.168.1.10, அதாவது நடு கம்ப்யூட்டரின் மறுபக்க முகவரி. இதற்குப் பதில் வந்ததும் பலரும் "அந்தப் பக்கம் போய்விட்டது, அப்படியானால் ஃபார்வர்டிங் ஓடுகிறது" என்று நினைக்கிறார்கள். அப்படி அர்த்தம் இல்லை. லினக்ஸைப் பொறுத்தவரை ஒரு முகவரி எந்தக் கார்டில் இருந்தாலும் அது அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி. மண்டிப் பக்கக் கார்டில் நுழைந்த பாக்கெட் 192.168.1.10ஐத் தேடினால், "அது நான்தான்" என்று அங்கேயே பதில் சொல்லிவிடும். வீட்டுப் பக்கக் கார்டு வழியாக எதுவும் வெளியே போகவில்லை. ஃபார்வர்டிங் முழுக்க அணைந்திருந்தாலும் இந்தப் பிங் அழகாக ஓடும். பில்லிங் கம்ப்யூட்டர் தன் கேட்வேயைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் இது சாட்சி.

மூன்றாவது 192.168.1.1. இதுதான் உண்மையான சோதனை. நடு கம்ப்யூட்டரைத் தாண்டிப் போய் வேறொரு கருவியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். இரண்டாவது ஓடி மூன்றாவது ஓடவில்லை என்றால் பிழை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கிறது: ஃபார்வர்டிங் சுவிட்ச், நடு கம்ப்யூட்டரின் ஃபயர்வால் (பாக்கெட்டை விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும் காவல்), திரும்பும் வழி. மூன்றும் ஓடினால் நான்காவதாக மாடி லேப்டாப் 192.168.1.25.

பதில் வராதபோது திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். எல்லாத் தோல்வியும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்று இல்லை. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று உங்கள் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், பக்கத்தில் இருக்க வேண்டிய கருவியே கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்கவில்லை. அதே வரி 192.168.50.1இலிருந்து வந்தால் நல்ல செய்தி, நடு கம்ப்யூட்டர் வரை போய்விட்டது, அதற்கு அப்பால் ஆள் இல்லை. "டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்" என்றால் அங்கே போகும் வழி அந்த ரவுட்டரிடம் இல்லை. "டிடிஎல் எக்ஸ்பயர்ட்" என்றால் இரண்டு ரவுட்டர்கள் பாக்கெட்டை ஒன்றுக்கொன்று திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. வெறும் "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" வந்தால்தான் கஷ்டம். யாரோ வாய் திறக்காமல் விழுங்கிவிட்டார்கள்.

ஃபார்வர்டிங் சுவிட்ச்

சாதாரணக் கம்ப்யூட்டர் எதுவும் தனக்கு வராத பாக்கெட்டைத் தானாக அடுத்தவருக்குத் தள்ளாது. தள்ளக் கூடாது, அந்த வசதி இருந்தாலும் அணைந்த நிலையில்தான் வர வேண்டும் என்று 1989லேயே இணைய விதிமுறையில் எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் லினக்ஸில் ஐபி ஃபார்வர்ட் என்ற கர்னல் மதிப்பு ஆரம்பத்தில் 0. சிஸ்சிடிஎல் கட்டளையால் நெட் டாட் ஐபிவி4 டாட் ஐபி அண்டர்ஸ்கோர் ஃபார்வர்ட் என்பதைக் கேட்டுப் பாருங்கள். 0 என்று வந்தால் 1 ஆக்குங்கள். கட்டளையால் மாற்றியது அடுத்த முறை அணைத்துப் போடும் வரைதான் நிற்கும். நிரந்தரமாக வேண்டும் என்றால் ஈடிசி அடைவுக்குள் சிஸ்சிடிஎல் டாட் டி என்ற ஃபோல்டரில், டாட் கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில் அந்த வரியை எழுதுங்கள்.

நடுவில் இருப்பது விண்டோஸ் என்றால் ரெஜிஸ்ட்ரியில் டிசிபிஐபி பாராமீட்டர்ஸ் என்ற இடத்தில் ஐபி எனேபிள் ரவுட்டர் என்ற மதிப்பை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸில் இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங் என்று சுலபமான டிக் ஒன்றும் உண்டு. அது மண்டிப் பக்கக் கார்டின் முகவரியை உங்களைக் கேட்காமல் 192.168.137.1 என்று மாற்றிவிடும். நீங்கள் வரைந்த படம் அதோடு செல்லாது. முடிந்தால் நடுவில் லினக்ஸ் வையுங்கள்.

திரும்பும் வழி

சுவிட்ச் 1 ஆகிவிட்டது, இன்னும் 192.168.1.1 பதில் சொல்லவில்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாக்கெட்டோடு கூடவே நடந்து பாருங்கள். பில்லிங் கம்ப்யூட்டர் 192.168.50.20 பாக்கெட்டை நடு கம்ப்யூட்டரிடம் கொடுத்தது. நடு கம்ப்யூட்டர் அதை வீட்டுப் பக்கம் தள்ளியது. நெட்காரர் பெட்டி 192.168.1.1 வாங்கிக்கொண்டது. இனி அது 192.168.50.20க்குப் பதில் போட வேண்டும். தன்னிடம் இருக்கும் வழிப் பட்டியலைப் பார்க்கிறது. 192.168.1இல் தொடங்குவது எல்லாம் வீட்டுக்குள், மற்றதெல்லாம் வெளியே, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 192.168.50 என்பது "மற்றது". பதிலைக் கொண்டுபோய் நெட்காரர் பக்கம் தள்ளிவிடும் அல்லது கீழே போட்டுவிடும். பாலக்கோட்டு மண்டியிலிருந்து சென்னைக்குத் தக்காளி லோடு போய் இறங்கிவிட்டது, காலி கிரேட் மட்டும் எந்த மண்டிக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை என்பது போன்ற நிலைமை.

மாடி லேப்டாப்பும் இதே போலத்தான். அதற்குத் தெரிந்த ஒரே கேட்வே 192.168.1.1. பக்கத்திலேயே 192.168.1.10 இருந்தும், அதன் வழியாகத்தான் மண்டிக்குப் போக வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

சரி செய்ய மூன்று வழி. நான் பரிந்துரைக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

நெட்காரர் பெட்டியில் ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதும் பாதை, சேர்ப்பது முதல் வழி. பெட்டியின் பக்கத்தைத் திறந்து, ரவுட்டிங் அல்லது அட்வான்ஸ்ட் என்ற மெனுவில் தேடுங்கள். போக வேண்டிய நெட்வொர்க் 192.168.50.0, மாஸ்க் 255.255.255.0, அடுத்த இடம் 192.168.1.10. ஒரே இடத்தில் எழுதினால் வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் வேலை செய்யும், போனுக்கும் சேர்த்து. சாதாரண ஆண்ட்ராய்ட் போனில் தனியாக ரூட் எழுத வழி இல்லை என்பதால், கேமராவைப் போனில் பார்க்க நினைப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். சில பெட்டிகளில் இந்த மெனுவை மறைத்து வைத்திருப்பார்கள். நெட்காரரிடம் கேட்டால் சிலர் திறந்து கொடுப்பார்கள்.

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். லேப்டாப் அனுப்புவது 192.168.1.1 வழியாகச் சுற்றி நடு கம்ப்யூட்டருக்குப் போகும். பதிலோ நடு கம்ப்யூட்டரிலிருந்து நேராக லேப்டாப்புக்கு வந்துவிடும், பெட்டியைத் தொடாது. போகிற பாதை வேறு, வருகிற பாதை வேறு. பிங் இதைக் கண்டுகொள்ளாது. ஆனால் சில பெட்டிகளின் ஃபயர்வால் உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து, "பதிலே வராமல் அடுத்த பாக்கெட் எப்படி வந்தது" என்று சந்தேகப்பட்டு வெட்டிவிடும். பிங் சுத்தமாக ஓடுகிறது, ஃபைலைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

அப்போது இரண்டாவது வழி: லேப்டாப்பிலேயே ரூட் எழுதுவது. விண்டோஸில் அட்மின் உரிமையோடு கருப்புத் திரையைத் திறந்து, ரூட் என்ற கட்டளையோடு மைனஸ் பி, ஆட், 192.168.50.0, மாஸ்க், 255.255.255.0, 192.168.1.10 என்று இதே வரிசையில் இடைவெளி விட்டு அடியுங்கள். மைனஸ் பி இருந்தால்தான் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கும். இனிப் போகிறதும் வருகிறதும் ஒரே பாதை. இரண்டு மூன்று லேப்டாப் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது போதும்.

மூன்றாவது, நடு கம்ப்யூட்டரில் மாஸ்கரேட் போடுவது. மண்டியிலிருந்து வெளியே போகும் பாக்கெட் ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் முகவரியை 192.168.1.10 என்று மாற்றி எழுதிவிடும். பதில் தானாக அதனிடமே வரும், யாரிடமும் ரூட் எழுத வேண்டாம். மண்டிக்கு நெட் மட்டும் போதும் என்றால் இதுவே சுலபம். ஸ்டாட்டிக் ரூட் எழுதியும் மண்டிக்கு நெட் வராத வீடுகளிலும் இது உதவும். சில பெட்டிகள் தன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டுமே முகவரி மாற்றிக் கொடுத்து வெளியே விடும், 192.168.50ஐக் கண்டுகொள்ளாது. ஆனால் மாடியிலிருந்து மண்டிக்குள் நுழைய மாஸ்கரேட் உதவாது. அதற்கு லேப்டாப்பில் ரூட் வேண்டும் அல்லது நடு கம்ப்யூட்டரில் அந்த ஒரு சேவையின் போர்ட் எண்ணை மட்டும் உள்ளே திருப்பிவிட வேண்டும்.

பில்லிங் கம்ப்யூட்டர் பக்கமும் திரும்பும் வழி உண்டு என்பதை மறக்க வேண்டாம். நெட் போன ஒரு நாள் அதை யாரோ போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அப்படியே விட்டிருப்பார்கள். கேபிளும் செருகியிருக்கும், வைஃபையும் பிடித்திருக்கும், இரண்டு கேட்வே. மாடியிலிருந்து வந்த பாக்கெட்டுக்குப் பதில் அந்தப் போனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ரூட் பிரிண்ட் என்று அடித்து, ஆக்டிவ் ரூட்ஸ் என்ற பகுதியில் 0.0.0.0 என்று தொடங்கும் வரி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஹாட்ஸ்பாட்டை மறக்கச் சொல்லுங்கள்.

பாதையைப் பார்க்க ஒரு சின்ன உபாயம். ட்ரேஸ்ரூட் என்ற கட்டளை காட்டுவது போகிற பாதையை மட்டும். வருகிற பாதையைப் பிங் பதிலில் இருக்கும் டிடிஎல் எண் காட்டும். விண்டோஸ் பதில் 128இல் புறப்படும், லினக்ஸ் 64இல். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து வந்த பதிலில் 127 இருந்தால் ஒரு ரவுட்டரைத் தாண்டி வந்திருக்கிறது, சரி. 128 இருந்தால் எந்த ரவுட்டரையும் தாண்டவில்லை. நீங்கள் நினைத்தது போல நெட்வொர்க் பிரியவில்லை அல்லது வேறு யாரோ பதில் சொல்கிறார்கள்.

ஃபயர்வால்: நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று

நடு கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் தனக்கு வருவது, தன்னிடமிருந்து போவது, தன்னைக் கடந்து போவது என்று மூன்று தனிப் பட்டியல் உண்டு. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது, ஃபார்வர்ட் பட்டியல். உபுண்டு என்ற லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை ஆன் செய்திருந்தால் கடந்து போவதெல்லாம் தடை என்பதுதான் அதன் இயல்பு நிலை. டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) நிறுவியிருந்தாலும் அதுவே நடக்கலாம். எதையோ கற்றுக்கொள்ளப் போட்ட டாக்கர், மண்டி நெட்டை நிறுத்திவிட்டதாக ஒருவர் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகும். இரண்டு கார்டுக்கும் நடுவில் போக வரத் தனித்தனி அனுமதி எழுதுங்கள். சோதனைக்காக ஃபயர்வாலை முழுக்க அணைப்பதானால் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது பில்லிங் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் ஃபயர்வால். ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்திருப்பீர்கள், மண்டிக்குள் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து திறக்கும், பிங்கும் ஓடும். மாடியிலிருந்து இரண்டுமே ஓடாது. ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்ற விதியைப் பிரைவேட் நெட்வொர்க்கில் திறக்கும்போது, விண்டோஸ் அதை லோக்கல் சப்நெட்டுக்கு, அதாவது தன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும்தான் திறக்கிறது. 192.168.1.25 அதன் கண்ணில் வெளியாள். ஃபயர்வாலின் அட்வான்ஸ்ட் திரையில் உள்வரும் விதிகளுக்குப் போய், பெயரில் எக்கோ ரிக்வெஸ்ட் (பிங்), எஸ்எம்பி (ஃபைல் ஷேரிங்) என்று வரும் விதிகளைத் திறந்து, ஸ்கோப் என்ற பக்கத்தில் ரிமோட் முகவரியாக 192.168.1.0/24ஐ, அதாவது வீட்டு நெட்வொர்க் முழுவதையும் சேருங்கள். நடு கம்ப்யூட்டரை எத்தனை முறை கலைத்து அடுக்கினாலும் இந்தக் கோளாறு தீராது, ஏனென்றால் அது அங்கே இல்லவே இல்லை.

கேமரா ரெக்கார்டரில் ஃபயர்வால் தொல்லை குறைவு. ஆனால் அதன் கேட்வே கட்டத்தைப் பாருங்கள். கேமரா மாட்ட வந்தவர் பழைய நெட்வொர்க்கின் 192.168.1.1ஐ விட்டுப் போயிருப்பார்.

இரண்டு கார்டிலும் காது வைப்பது

இவ்வளவுக்கும் பிறகும் பிடிபடவில்லை என்றால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு, கார்டில் போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற நிரலை எடுங்கள். புதியவர்கள் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. நடு கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல் திறங்கள். ஒன்றில் மண்டிப் பக்கக் கார்டு, மற்றதில் வீட்டுப் பக்கக் கார்டு. ஐசிஎம்பி (பிங் போகும் வகை) மட்டும் காட்டு, பெயர் தேடாதே என்று சொல்லி ஓட விடுங்கள். பிறகு பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து மாடி லேப்டாப்புக்குப் பிங்கை விடாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மண்டிப் பக்க ஜன்னலில் ஒவ்வொரு நொடிக்கும் இப்படி இரண்டு வரி வரும்:

192.168.50.20 > 192.168.1.25: எக்கோ ரிக்வெஸ்ட்
192.168.1.25 > 192.168.50.20: எக்கோ ரிப்ளை

வீட்டுப் பக்க ஜன்னலிலும் அதே இரண்டு வரி. மொத்தம் நான்கு. எத்தனையாவது வரி காணவில்லை என்பதுதான் விடை.

மண்டிப் பக்கம் ரிக்வெஸ்ட்டே தெரியவில்லை: பில்லிங் கம்ப்யூட்டர் பாக்கெட்டை உங்களிடம் கொடுக்கவில்லை. அதன் கேட்வே, அதன் மாஸ்க், கேபிள்.

மண்டிப் பக்கம் ரிக்வெஸ்ட் வருகிறது, வீட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை: நடு கம்ப்யூட்டரே விழுங்குகிறது. ஃபார்வர்டிங் சுவிட்ச் அல்லது ஃபார்வர்ட் பட்டியல். உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வால் தொடுவதற்கு முன்பே டிசிபிடம்ப் பார்த்துவிடும், அதனால் இங்கே தெரிந்ததை வைத்து ஃபயர்வால் விட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுப் பக்கமும் ரிக்வெஸ்ட் போகிறது, ரிப்ளை இல்லை: உங்கள் கம்ப்யூட்டர் தன் வேலையை முடித்துவிட்டது. லேப்டாப்பின் ஃபயர்வால் அல்லது திரும்பும் வழி. வடிகட்டியில் ஏஆர்பியையும் (ஒரு முகவரி யாருடையது என்று கேட்கும் பாக்கெட்) சேர்த்து மறுபடி பாருங்கள். "192.168.1.25 யார், 192.168.1.10இடம் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்து பதில் இல்லை என்றால் லேப்டாப் தூங்குகிறது அல்லது அதன் முகவரி மாறிவிட்டது.

வீட்டுப் பக்கம் ரிப்ளை வந்துவிட்டது, மண்டிப் பக்கம் வரவில்லை: போவதற்கு மட்டும் அனுமதி எழுதி, வருவதற்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

மாஸ்கரேட் போட்டிருந்தால் வீட்டுப் பக்கம் 192.168.50.20க்குப் பதிலாக 192.168.1.10 என்று தெரியும். அது சரியானதுதான், பதற வேண்டாம்.

பிங் ஓடுகிறது, நெட்வொர்க் ஐகானில் காணவில்லை

காணாது. கருவிகள் தங்கள் பெயரைக் கூவிச் சொல்லும் பாக்கெட்டுகள் தங்கள் நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாது, ரவுட்டர் அவற்றைத் தள்ளுவதில்லை. பில்லிங் கம்ப்யூட்டரைத் திறக்க இரண்டு பின்சாய்வுக் கோட்டுக்குப் பின் 192.168.50.20 என்று முகவரிப் பட்டையில் நேராக அடியுங்கள். பிரிண்டரையும் தேடச் சொல்லாமல் முகவரி கொடுத்துச் சேருங்கள். கேமரா செயலியிலும் அப்படியே.

கரண்ட் போய் வந்த பிறகு

"நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு தம்பி, கரண்ட் போயிட்டு வந்துச்சு, அவ்வளவுதான்" என்று மண்டிக்காரர் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. கட்டளையால் போட்டதெல்லாம் அணைந்ததோடு போய்விட்டது. ஃபார்வர்டிங் மதிப்பு மறுபடி 0. கையால் எழுதிய ஃபயர்வால் விதியும் மாஸ்கரேட்டும் சேமிக்கவில்லை என்றால் காணாமல் போயிருக்கும். வீட்டுப் பக்கக் கார்டு டிஎச்சிபியில் இருந்தால் 192.168.1.10 இப்போது 192.168.1.14 ஆகியிருக்கலாம். பெட்டியில் எழுதிய ஸ்டாட்டிக் ரூட் யாரும் இல்லாத வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். நடு கம்ப்யூட்டரின் இரண்டு முகவரியையும் கையால் நிலையாக எழுதுங்கள். 192.168.1.10ஐ வேறு யாருக்கும் கொடுக்காதபடி பெட்டியின் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே வையுங்கள்.

யுபிஎஸ் போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் பில்லிங் கம்ப்யூட்டருக்கு மட்டும் போட்டிருப்பார்கள். நடு கம்ப்யூட்டரையும் ஸ்விட்ச்சையும் அதிலேயே சேருங்கள். அதன் பயோஸில், கரண்ட் வந்ததும் தானே எழுந்திருக்கும்படி ஒரு அமைப்பு இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் விடியற்காலை லோடு வரும் நேரத்தில் மாடியிலிருந்து யாராவது இறங்கி வந்து பட்டனை அமுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே, ஏலம் முடிந்து மண்டி காலியாக இருக்கும் மதிய நேரத்தில், நடு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். எதையும் தொடாமல் அது எழுந்து வரும் வரை காத்திருந்து, பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து பழைய நான்கு பிங்கையும் அதே வரிசையில் அடியுங்கள். அதன்பின் மாடிக்குப் போய் லேப்டாப்பில் மண்டியின் பில் ஃபோல்டரைத் திறந்து ஒரு பெரிய ஃபைலை இழுத்து வையுங்கள்.